தொட்டி போன பிறகு

கம்பெனிகள் பெருகிக்கொண்டே போன ஓர் ஊரில், தெருமுனைக் குப்பைத்தொட்டியை நம்பி மூன்று குட்டிகளோடு பிழைத்துவந்தது செவலை என்ற நாய். ஒருநாள் காலை நகராட்சி லாரி வந்து தொட்டியைத் தூக்கியது.

"எங்கே போறே?" என்று பதறியது செவலை.

"நான் இருக்கிறதாலதான் குப்பை சேருதாம். என்னை எடுத்துட்டா ஊரு சுத்தமாயிடுமாம்" என்றது தொட்டி.

"அதெப்படி?"

"எனக்கும் அதுதான் புரியலை."

தொட்டி இருந்த இடத்தைக் கழுவிக் கோலம் போட்டார்கள். குப்பைப் பையோடு வந்த ஒருவர் கோலத்தைப் பார்த்துத் திகைத்து, ஸ்கூட்டரைத் திருப்பினார். பசியோடு செவலையும் பின்னாலேயே ஓடியது. பக்கத்துத் தெருமுனையிலும் கோலம்! அவர் பாலத்தடிக்குப் போய்ப் பையை வீசினார். அதே நேரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரும் அங்கே வந்து வீசினார்.

"உங்க தெருக் குப்பையை இங்கே கொண்டுவந்து கொட்டலாமா?"

"அதை நீங்க சொல்றீங்களா?"

செவலை ஒரு பையைக் கடித்துப் பிரித்தது.

"சீ, நாயே! ஊரை நாறடிக்கிறதே இதுங்கதான்" என்று இருவரும் சேர்ந்து கல்லெடுத்தார்கள்.

கிடைத்த சோற்றுப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு செவலை குட்டிகளிடம் ஓடியது. யாரைப் பார்த்துக் குரைத்திருக்க வேண்டும் என்று அதற்குக் கடைசிவரை விளங்கவில்லை.