எட்டு வருஷக் கணக்கு

"உன் பேட்டரி பெரியவர் வந்தாச்சு!"

கார் ஷோரூமே சிரித்தது. அவரைக் கவனிக்க வேண்டிய விற்பனைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

இது ஆறாவது புதன்கிழமை. ஒரு வாரம் கரண்ட் கார், மறு வாரம் அதிலேயே பெட்ரோல் மாடல். ஓட்டிப் பார்ப்பார். குடைந்து குடைந்து கேள்வி கேட்பார். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று, நொண்டி நொண்டி நடக்கும் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். "இந்த மாசம் நீ ஒரு வண்டிகூட விக்கல. இன்னிக்கு அட்வான்ஸ் வாங்கு. இல்லேன்னா அந்த ஆளுக்குப் பெரிய கும்பிடாப் போட்டு அனுப்பிடு."

கரண்ட் கார் கிளம்பியது. பெரியவர் ஸ்டியரிங்கில், அவள் பக்கத்தில், அந்த அம்மாள் பின் சீட்டில்.

"ஏம்மா, எட்டு வருஷம் கழிச்சு பேட்டரி மாத்தணும்னா பாதி வண்டி விலை ஆகுமாமே?"

"அதுவரைக்கும் பெட்ரோல் காசு மிச்சம்தானே சார்? ஆயில் மாத்த வேண்டாம், கிளட்ச் தேயாது."

"விக்கும்போது? பழைய பேட்டரியை எவன் தலையில கட்டறது?"

"தினம் அம்பது கிலோமீட்டர் ஓடினா, அஞ்சாவது வருஷமே போட்ட காசு வந்துடும். நீங்க எவ்வளவு ஓட்டுவீங்க?"

பெரியவர் கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டார். வழக்கமான இடத்தில் ஓரங்கட்டினார்.

"நின்ன இடத்துல ஏ.சி. ஓடினா சார்ஜ் எவ்வளவு இறங்குதுன்னு பார்த்துடலாம்."

போன வாரம், எவ்வளவு பெட்ரோல் குடிக்குது என்று பார்த்தார். அதற்கு முந்தின வாரமும் சார்ஜ்தான்.

"உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு" என்று அந்த அம்மாள் இறங்கி, எதிரே இருந்த கட்டடத்துக்குள் போனாள். இன்றைக்குத்தான் விற்பனைப் பெண் அதன் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். மூட்டு வலி சிகிச்சை நிலையம்.

சுருக்கென்றது.

"சார், உண்மையைச் சொல்லுங்க. நீங்க கார் வாங்கப் போறதில்லைதானே?"

பெரியவர் ஸ்டியரிங்கைத் தடவினார்.

"இல்லம்மா. எங்க நிலைமைக்கு இதோட டயர்கூட வராது. டாக்ஸியில போகலாம் வாடின்னா, 'எனக்கெதுக்குத் தண்டச் செலவு'ன்னு படுத்துக்கறா. கார் ஓட்டிப் பார்க்கலாம்னு சொன்னேன், சிட்டாக் கிளம்பிட்டா. பன்னிரண்டு வாரம் சிகிச்சை. முப்பது வருஷம் முதலாளி வீட்டு டிரைவரா இருந்தவன்மா நான். இப்படிப் பொய் சொல்லிப் பழக்கமில்லை."

அந்த அம்மாள் திரும்பி வந்ததும், விற்பனைப் பெண்ணே இறங்கிப் பின் கதவைத் திறந்துவிட்டாள்.

ஷோரூமில் மேனேஜர் காத்திருந்தார். "என்ன, அட்வான்ஸ் வந்ததா?"

"பேட்டரி ஆயுசுல அவருக்கு இன்னும் சந்தேகம் தீரல சார். அடுத்த புதன் பெட்ரோல் வண்டியை மறுபடி பார்க்கணுமாம். நல்ல பார்ட்டி சார், அவசரப்பட்டுக் கெடுத்துடாதீங்க."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

அந்த அம்மாள் பாத்ரூம் கேட்டாள். அது மாடியில். பாவம், எப்படி ஏறுவாள் என்று இவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். படிக்கட்டு திரும்பி, கீழே நின்ற பெரியவர் கண்ணுக்கு மறைந்ததுதான் தாமதம், அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டு மீதிப் படிகளைத் தடதடவென்று ஏறினாள்.

"அம்மா! உங்க முட்டி?"

"உஸ்ஸ்! அது மூணாவது வாரமே சரியாப் போச்சு. அங்கே போய்ச் சும்மா ஃபேன் காத்துல உட்கார்ந்துட்டு வரேன். வேலையை விட்டதுலேர்ந்து மூலையில முடங்கிக் கிடந்த மனுஷன், புதன்கிழமை வந்தா விடிகாலையிலேயே ஷேவ் பண்ணிக்கிட்டு நிக்கறார். இன்னும் ஆறு வாரம் நொண்டறதுல எனக்கென்ன குறைஞ்சுடும், சொல்லு?"