ஐம்பத்து நான்காவது ஊசி

அவன் ஊசியை விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். மருந்து இன்னும் ஏற்றவில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. ஐம்பத்து மூன்று மாலைகளாக இப்படித்தான்.

மணி ஏழு.

மருந்துக் குப்பி அவனது இடது கைக்குள் பொதிந்திருந்தது. எண்ணெய் மருந்து. சூடு ஏறினால்தான் இளகும். இல்லாவிட்டால் இடுப்பில் கல்லாய்க் கட்டிக்கொள்ளும்.

அவனுக்குக் கால்நடை மருந்தகத்தில் வேலை. பல்லடம் பக்கத்து மாடுகளில் பாதி அவன் கையால் ஊசி போட்டுக்கொண்டவை. முதல் நாள், பழக்க தோஷம், ஊசிக்கு முன்னால் மாட்டுக்குத் தட்டுவதைப் போலவே அவள் இடுப்பில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டான்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள், தட்டிவிட்டுப் போட்டால் வலி தெரிவதில்லை என்று.

இன்று காலை ஸ்கேன். பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் கருப்பையின் உள்சவ்வைத் தடிப்பாக வளர்த்து, உதிராமல் பிடித்து வைத்தது ஊசி. இனி ஊசியிலுள்ள ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரந்துகொள்ளும், ஊசியை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர் பெனிட்டா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை.

இதற்கு முன் இரண்டு. இரண்டுமே பத்தாவது வாரத்தைத் தாண்டவில்லை.

வீடு வந்ததிலிருந்து ஒரே பேச்சு. மிச்சம் ஒரு குப்பி இருக்கிறதே என்றாள். டாக்டர் வேண்டாம் என்றாரே என்றான். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றாள். ஏழடிக்கப் போகும்போது தானாகவே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டுங்க."

அவன் குப்பியை உடைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஊசியின் மூடியைக் கழற்றவும் இல்லை. மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்தான்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான்.

இரண்டு தட்டு.

கட்டைவிரல் நகத்தை அவள் இடுப்பில் அழுத்திப் பிடித்து, மனதுக்குள் பத்து வரை எண்ணி எடுத்தான். உள்ளங்கையால் தேய்த்துவிட்டான்.

"ஸ்ஸ்" என்றாள் அவள்.

கொஞ்சம் தாமதமாக.

பிறகு அவன் கையைத் துழாவி எடுத்து அடிவயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்கு நகத்த வெட்டிட்டு வாங்க."