சத்தமில்லாத ஃபேன்

பட்டனை அழுத்துவதற்கு முன்னால் பெரியவர் தன் வீட்டு உள்ளறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் அக்காவைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

பேசக் கூடாதாம். நல்ல கூத்து என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தவள். எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இவரைப் போல ஒருவரை இதுவரை பார்த்ததில்லை.

முதன்முதலில் மானிட்டர் இல்லாமல் சிபியு பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்தார். மகனுடையது, திடீரென்று ஓடவில்லை, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றார். இது நின்றதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்றும் சொன்னார்.

இந்தக் காலத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், தம்பியையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்று அக்கா வாயைக் கொடுத்துவிட்டாள்.

மகன் போய் இரண்டு வருடம் ஆகிறது என்றார் பெரியவர்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓகோ, போட்டோவுக்காகத்தான் இந்தப் பாடு என்று அவளாக முடிவு செய்து, உள்ளே இருந்த படங்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டி எப்போது ஓடும் என்று கேட்டார்.

புது சிஸ்டம் போட்டுக் காட்டினாள். கடை மானிட்டரில் பளிச்சென்று வந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இது இல்லை என்று தலையாட்டினார். பெட்டியோடு வந்த அதே டிஸ்க்கைத் தேடிப் போடச் சொன்னார்.

அந்த ரெகவரி டிஸ்க்குக்கு அவள் எங்கே போவாள்? அந்த மாடல் நின்றே மாமாங்கம் ஆகிறது. தெரிந்த கடைக்காரர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில், மூடிப்போன ஒரு டைப்பிங் சென்டரின் பழைய சாமான் மூட்டைக்குள் கிடைத்தது, உறை இல்லாமல், கீறலோடு. துடைத்துத் துடைத்துப் போட்டதில் எப்படியோ ஏறிவிட்டது.

கீபோர்டு எடுத்தது அதைவிட வேடிக்கை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். இருந்ததிலேயே லொடலொடவென்று கத்துகிற ஒன்றைத்தான் எடுத்தார்.

“ஃபேனை மட்டும் தொட்டுடாதீங்கம்மா.”

போகும்போது இதையும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஃபேனோ, மலையேறுகிற லாரி மாதிரி உறுமும். பாவம், செலவுக்குப் பயந்துதான் வேண்டாம் என்கிறார் என்று அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம்கூடச் சத்தம் போடாத ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி மாட்டிவிட்டாள். ஓட விட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பழையதைப் பையில் போட்டு, பெட்டியோடு அவர் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள்.

இப்போது பெரியவர் பட்டனை அழுத்தினார்.

ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பழைய வரவேற்பு இசை வந்தது. நாலே நாலு சுரம்.

“வந்துட்டியாப்பா?”

உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல். அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள்.

பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டார். எதற்கோ காத்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, மூச்சுக்கூடக் கேட்காமல்.

“சத்தத்தையே காணோமே. வந்ததும் போயிட்டானா?”

குரல் உடைந்தது. கட்டில் கிறீச்சிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

பெரியவர் அக்காவின் காதோரம் குனிந்து அவசர அவசரமாகச் சொன்னார். மனைவிக்கு நினைவு தப்பிவிட்டது. கட்டிய புருஷனையே மாத்திரை கொடுக்க வருகிற யாரோ என்று நினைத்து ‘சார்’ என்கிறாள். மகனை மட்டும் மறக்கவில்லை, அவன் செத்துப்போனதைத்தான் மறந்துவிட்டாள். அவன் எங்கே என்று கேட்டபோதெல்லாம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்கிறவளாகத் துடித்துப் போனாள். அதற்குமேல் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த ஃபேன் உறுமுகிற சத்தம் கேட்டால் போதும், பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான் என்று தூங்கிவிடுவாள்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெட்டியை நிறுத்தித் திறந்தாள். அய்யோ, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று இப்படிப் பண்ணிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. புது ஃபேனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழையதைத் தூசியோடு மாட்டினாள்.

மறுபடியும் அந்த நாலு சுரம். பின்னாலேயே லாரி மலையேறத் தொடங்கியது.

கட்டில் சத்தம் அடங்கியது.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மானிட்டர் இல்லாத மேசையில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு லொடலொடவென்று டைப் அடித்தார். கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. இதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இவனுக்குக் காதே கேட்காது, நான்தான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்த வேண்டும் என்று செல்லமாகத் திட்டிக்கொண்டாள். குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. தூங்கிவிட்டாள் என்று அக்கா பையை எடுத்தபோது மறுபடியும் குரல் வந்தது.

“ஏண்டா, உங்கப்பா இன்னும் வீட்டுக்கு வரலையே. எங்கடா போனாரு?”

பெரியவரின் விரல்கள் நின்றன.

மகன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை. மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.