மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"யாரைக் கேட்டு மேசையை நகர்த்தினீங்க?"

டெல்மர் கத்திய கத்தலில் பக்கத்து இயந்திரமே நின்றுவிட்டது. மேஸ்திரி ஆகி நாலு வருஷத்தில் அவனை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

வெர்னா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவுக் கீல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ஜூலை மாசம் நீ யாரைக் கேட்டு நகர்த்தினே தம்பி?"

தம்பியாம்! இவளிடம் தொழில் கற்றுக்கொண்ட பாவத்துக்கு ஆயுசு முழுக்கத் தம்பி.

விஷயம் மேசை அல்ல. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோடு. கார்வில் நகரத்தின் எல்லை அந்தத் தொழிற்சாலைக்கு உள்ளேயே ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நகரம். அந்தப் பக்கம், பிற்பாடு கட்டிய கொட்டகை, கிராமம். நகரத்தில் நின்று வேலை செய்தால் சம்பளத்தில் நகர வரி பிடிப்பார்கள். கிராமத்தில் நின்றால் கிடையாது.

வெர்னா ராத்திரி ஷிப்ட் ஆட்களைக் கையில் போட்டுக்கொண்டு, மேசையைக் கோட்டைத் தாண்டிக் கிராமத்தில் போட்டுவிட்டாள். அங்கே இருந்த குளிர்பான இயந்திரத்தை நகரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

"அந்த மெஷினை ஏன் தொட்டீங்க?"

"உன் மச்சான் மெஷின்தானே? நகரத்துலயே இருக்கட்டும். அதுக்கென்ன, சம்பளமா குடுக்கறாங்க வரி பிடிக்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். டெல்மருக்குக் காது மடல் சூடானது.

"சம்பளச் சீட்டுல ஒரு வரி வந்துடக் கூடாது, உடனே வயிறு எரியுது! அந்தப் பணத்துலதான் ரோட்டுல பனி தள்றாங்க, ஆம்புலன்ஸ் ஓடுது. இந்த வயசுல இவ்வளவு பிசினாரித்தனம் ஆகாது வெர்னா."

"நகரத்துக்குக் குடுக்க வேண்டியதை நகரத்துக்குக் குடுக்கலாம், தப்பே இல்லை. இந்த மேசை வருஷக்கணக்கா இங்கேதான் கெடந்தது. உன் மச்சான் கோலா விக்க இந்த இடம் வேணும்னு ஜூலையில எங்களைத் தூக்கி நகரத்துல போட்டே. அதுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

மேசையின் மறுபக்கம் இர்மா நின்றுகொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் சேர்ந்தவள், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தலையை மார்போடு ஒட்டவைத்துக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி கீல் அடுக்கினாள்.

பெரிய வாய்க்காரியோடு மேசையைப் பகிர்ந்துகொண்ட பாவம், இவளும் மாட்டப்போகிறாள் என்று டெல்மர் நினைத்துக்கொண்டான்.

"கடைசியா சொல்றேன். ஒண்ணு, மேசை பழைய இடத்துக்குப் போகணும். இல்லேன்னா நீங்க வீட்டுக்குப் போகணும். இருபத்திரண்டு வருஷ வேலை, யோசிச்சுக்குங்க."

வெர்னா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"யோசிச்சாச்சு. நான் வேணா போவேன், மேசை போகாது. சம்பளக் கணக்கு லொரேனைக் கூப்பிடு. அவங்க சொல்லட்டும்."

கூப்பிட்டான். தனக்குச் சாதகமாகத்தான் பேசுவாள் என்ற தெம்பில் கூப்பிட்டான்.

லொரேன் வந்து மேசையைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள்.

"ஜூலைக்கு முன்னாடி மேசை எங்கே இருந்தது?"

"இங்கேதான்!" கொட்டகையே சேர்ந்து சொன்னது. டெல்மர் முறைத்தும் ஒருத்தன்கூட வாயை மூடவில்லை.

"மாநில வரி எங்கே நின்னாலும் உண்டு, அதுல பேச்சே இல்லை," என்றாள் லொரேன். "நகர வரி வேலை செய்யற இடத்தைப் பொறுத்தது. மேசை கிராமத்துல இருந்தா நான் பிடிக்க முடியாது. மச்சான் மெஷினுக்காக மேசையை மாத்தினது மேலிடத்துக்குத் தெரிஞ்சா, டெல்மர், உங்களுக்குத்தான் வம்பு. இது இங்கேயே இருக்கட்டும்."

கொட்டகையில் ஒரே விசில்.

லொரேன் இரண்டடி போனவள், என்னவோ உறைத்துத் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம் வெர்னா. உங்க வீடு மில் தெருவுலதானே?"

"ஆமா."

"அது நகரத்துக்குள்ளேயாச்சே! நகரத்துல குடியிருக்கிறவங்க எந்த ஊர்ல வேலை செஞ்சாலும் நகர வரி கட்டியே ஆகணும். மேசை எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு காசு மிச்சமில்லை."

டெல்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போன மானம் அத்தனையும் ஒரே நொடியில் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

"இதுக்கா வெர்னா இந்தக் குதி குதிச்சீங்க? வேலையே போனாலும் சரின்னு! ஊருக்கெல்லாம் வரி பாடம் எடுத்தீங்களே, சொந்த வீடு எங்கே இருக்குன்னு தெரியலையா?"

வெர்னா பெட்டியை மூடி நாடா ஒட்டினாள். அவசரமே படவில்லை.

"தெரியும் தம்பி. இர்மா வீடு எங்கே இருக்குன்னும் தெரியும். எல்லையைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவுல. புருஷன் முதுகொடிஞ்சு படுத்துக் கெடக்கான்."

இர்மாவின் கைகள் நின்றன.

"போன வாரம் இவ சம்பளச் சீட்டோட உன்கிட்டே வந்து, 'நகர வரி எனக்கு ஏன் பிடிக்கறாங்க'ன்னு கேட்டா. 'உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா'ன்னு நீ கேட்டே. அழுதுட்டே என் முன்னாடி வந்து நின்னா."

அடுத்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அந்தக் கேள்விக்குப் பயப்படாத ஒருத்தி வந்து கேட்டாத்தானே உனக்குக் காது கேக்குது?"