ஐம்பத்தைந்து கிலோ

“குழியில இறங்கினா சைக்கிளுக்கு வலிக்குமாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

“வலிக்காம இருக்கத்தான் முன்னாடி அமுங்குற ஃபோர்க் இருக்கு” என்றார் அப்பா. அப்படி ஒன்று வாங்கத்தான் மச்சானோடு இப்போது கடைக்கு வந்திருந்தார்.

“பழைய ஃபிரேமுக்கு நூறு மில்லிமீட்டர் அமுங்கினா போதும்” என்றாள் மெக்கானிக். “எடைக்குத் தகுந்த மாதிரி ஃபோர்க்குல காத்து அடிச்சுத் தரேன். ஓட்டுறவங்க எடை?”

“ஐம்பத்தஞ்சு.”

மச்சான் வெடித்துச் சிரித்தான். “அத்தான்! தொப்பையை மட்டும் தனியா எடை போட்டீங்களா?”

மெக்கானிக் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “சார், அந்த எடைக்குக் காத்து வெச்சா மலைப்பாதையில முதல் குழியிலேயே தலைகுப்புற விழுவீங்க.”

“ஐம்பத்தஞ்சுதாம்மா.” காது சிவந்தாலும் அவர் இறங்கி வரவில்லை.

“எங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று வழியெல்லாம் புலம்பிச் சிரித்துவிட்டு மச்சான் விடைபெற்றான். அவனிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அக்கா காதுக்குப் போய்விடும்.

வீட்டில் யாருமில்லை. நல்ல ஃபோர்க்கோடு நின்ற தன் சைக்கிளைத் தாண்டிப் போய், ஐம்பத்தைந்து கிலோவுக்கு ஒரு கிராம் கூடாத மனைவியின் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கினார். அதில் ஃபோர்க்கே இல்லை. மகள் பிறந்த வருஷம், சைக்கிள் போட்டிக்கு முந்தின நாள் அவருடைய ஃபோர்க் உடைந்தபோது, தன்னுடையதைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, “கைக்குழந்தையோட நான் எங்க ஓட்டப் போறேன்?” என்று சிரித்தவள் அவள். அப்புறம் ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை.

புது ஃபோர்க்கை மாட்டி, கடவுளை நினைத்துச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். தெருவைப் பார்த்துச் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். அவள் வருவதற்குள் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டார்.