கூடு அகற்றப்பட்டது

ஆபீஸ் அலமாரி மேல் சிட்டுக்குருவி மூன்று நாள் பாடுபட்டுக் கட்டிய கூட்டைத் துடைப்பம் ஒரே வீச்சில் தள்ளிவிட்டது. தள்ளிய பிறகுதான் அது கூடென்று தெரிந்தது. துடைப்பம் மூலையில் ஒடுங்கி நின்றது.

"நான் பார்த்துக்கறேன்" என்ற பேனா நோட்டீஸ் எழுதியது: "கூடு அகற்றப்பட்டது என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது."

தன் பேரே அதில் இல்லை. துடைப்பத்துக்கு மூச்சு வந்தது.

குருவி வந்து இரண்டு தடவை படித்தது. ஃபேனை முறைத்தது. ஜன்னலை முறைத்தது. பிறகு, "யாருன்னு போடலையே, அக்கா?" என்று துடைப்பத்திடமே கேட்டது.

துடைப்பத்துக்குத் தாங்கவில்லை. "நான்தாம்மா."

குருவி வாய் வலிக்கும்வரை திட்டியது. துடைப்பம் குனிந்து, "என்கிட்டயே நாலு நார் உருவிக்கோ" என்றது.

உருவிக்கொண்ட குருவி, போகிற வழியில் ஃபேனிடம் மன்னிப்புக் கேட்டது.