மண் தொட்டி

குடியிருப்பின் மலர்க் கண்காட்சிக்குச் செல்லக்கனி கொண்டுவந்த தொட்டியில் மண் மட்டும்தான் இருந்தது. ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் நடுவே அதை வைத்து, புடவைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

"வெறும் மண்ணைத் தூக்கிட்டு வந்து மானத்தை வாங்குறியே," என்று அவள் கணவர் தங்கதுரை பல்லைக் கடித்தார்.

"வெறும் மண்ணா? ஐப்பசியில நம்ம ஜன்னல் கம்பி பூரா நெருப்பா ஏறிச்சே செங்காந்தள், மறந்துட்டியளா? கொடி காஞ்சு கிழங்குக்குள்ள தூங்குது."

"பூத்தப்போ ஊருக்குக் காட்டியிருக்கலாம்லா?"

"பூத்தா அதுவே காட்டிக்கிடும். இப்பதானே அதுக்கு நான் வேணும்."

அந்நேரம் பூவாளியோடு வந்த ஒருவர் வரிசையாக எல்லாத் தொட்டிகளுக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். உறங்கும் கிழங்கில் ஈரம் தங்கினால் அழுகிவிடும். செல்லக்கனி வெயிலுக்குக் கொண்டுவந்திருந்த குடையைச் சட்டென விரித்துத் தொட்டியின்மேல் பிடித்தாள். பந்தலுக்குள் குடையா என்று சிரிப்பு எழுந்தது. ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். அவள் குடையை இறக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பிடிப்பதுபோல இன்னும் தாழ்த்திப் பிடித்தாள்.

தங்கதுரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்து, "கொண்டா, கை கடுக்கும்," என்று குடையை வாங்கிக்கொண்டார்.

நடுவர் வந்து நின்றார். "இதுல என்னங்க இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டார்.

தங்கதுரை நெஞ்சை நிமிர்த்தி, உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். தூங்குது."